கேத வீட்டிலிருந்து போக வேண்டிய ஓர் அழைப்பு

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்ததும், அடுத்த ஒரு மணி நேரத்தில் நடக்க வேண்டிய காரியங்களுக்கு யாரும் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. ஒருவர் பந்தல்காரரை அழைக்கிறார். இன்னொருவர் ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிடுகிறார். பங்காளிகளுக்கும் சம்பந்தகாரர்களுக்கும் தகவல் போகிறது. பிறந்த வீட்டுக் கோடி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று பார்த்து மதுரைத் தத்தனேரி மயானத்துக்கு எப்போது எடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். அழுகைக்கு நடுவிலும் இத்தனை வேலைகள் தவறாமல் நடந்து முடிவதற்குக் காரணம், அவை இன்னின்னாருடைய பொறுப்பு என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருப்பதுதான். அந்த அழைப்புகளோடு கண் வங்கிக்கு ஓர் அழைப்பும் சேர்ந்துவிட வேண்டும், அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதும் முன்பே வீட்டில் முடிவாகியிருக்க வேண்டும். மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களில் நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இதைத்தான். இங்கே அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முகாம்களில் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு மதுரை மக்கள் தயங்குவதே இல்லை. கல்லூரியில் மாணவர்கள் வரிசையில் நின்று எழுதித் தருகிறார்கள். அட்டையை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த அட்டை பீரோவுக்குள் இருக்கும்போது, அதை வைத்தவர் கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கிறார். இறந்தவர் எழுந்து வந்து தம் விருப்பத்தைச் சொல்ல முடியாது. அப்போது அங்கே நிற்கும் மகனோ மனைவியோ தம்பியோதான் சொல்ல வேண்டும். உறுதிமொழி எழுதித் தந்திருந்தாலும், நம் நாட்டின் நடைமுறையில் நெருங்கிய உறவினரின் ஒப்புதலைக் கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. அதே நடைமுறையின் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும்: இறந்தவர் உயிரோடிருந்த காலத்தில் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாதவராக இருந்தாலும், அவர் மறுப்புச் சொல்லியிராத பட்சத்தில், வீட்டார் சம்மதித்தால் கண்களைத் தானமாகத் தரலாம். ஆகவே உண்மையான முடிவு முகாமில் நடப்பதில்லை, கேத வீட்டில் நடக்கிறது.

கண் தானத்தை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இதயம், கல்லீரல் போன்ற உறுப்புகளைத் தருவதற்கு, இறப்பு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், அதுவும் ஒரு குறிப்பிட்ட விதத்தில் நேர்ந்திருக்க வேண்டும். கண்ணுக்கு அப்படி எந்தத் தேவையும் இல்லை. தொண்ணூறு வயதில் தம் வீட்டுத் திண்ணையில் கண்மூடிய பெரியவரும் தரலாம். கண்ணாடி அணிந்திருந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருந்தவர் என்று யாருக்கும் பொதுவாகத் தடையில்லை. எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, வெறிநாய்க்கடி நோய், உடல் முழுதும் பரவிய நச்சுக் கிருமித் தொற்று போன்றவற்றால் இறந்தவர்களிடமிருந்து மட்டும் எடுப்பதில்லை. இரத்தப் பிரிவு பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஏனென்றால் தானமாகப் பெற்று இன்னொருவருக்குப் பொருத்தப்படுவது முழுக் கண்ணன்று, கடிகார முள்ளின் மேல் பதித்த கண்ணாடியைப் போலக் கண்ணின் முன்புறத்தில் தெளிவாக இருக்கும் கருவிழிதான். அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது.

கருவிழி கெட்டுப் பார்வையிழப்பது எங்கள் மாவட்டத்துக்கு அந்நியமான செய்தியன்று. 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊர்களில் சொல்லப்படும் வெண்மையில் பெரும்பகுதி, புண்ணாகி ஆறிய கருவிழியின் தழும்புதான். மதுரை மாவட்டத்தில் 1990-களில் நடத்தப்பட்டு மருத்துவ உலகில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆய்வு, ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவில் கிடைத்த கணக்கைக் காட்டிலும் இது ஏறத்தாழ 10 மடங்கு. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கதிரடிக்கும்போது தெறிக்கும் உமியும், கரும்புத் தோட்டத்தில் முகத்தில் கீறும் சோகையும், மாட்டின் வாலும் கண்ணில் பட்டுச் சிறு காயம் உண்டாகிறது. அந்தக் காயத்தின் வழியே மண்ணிலும் பயிரிலும் இருக்கும் பூஞ்சை உள்ளே போகிறது. உடனே கண் மருத்துவரிடம் போனால் காப்பாற்றக்கூடிய கண்ணை, தாய்ப்பால் விட்டும் பச்சிலைச் சாறு பிழிந்தும் நாக்கால் தூசியெடுத்தும் கெடுத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கூலிக்குக் களையெடுக்கப் போகும் பெண்கள். இவர்களுடைய விழித்திரையும் பார்வை நரம்பும் நன்றாகவே இருக்கும். முன்புறக் கண்ணாடி மட்டும் மங்கியிருக்கும். தானமாக வந்த ஒரு கருவிழி அவர்களை மறுபடியும் வயலில் வேலை பார்க்க வைக்கும் என்றால், அதைத் தரக்கூடியவர்களும் அதே ஊர்களில்தான் நாள்தோறும் இறந்துகொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அங்கேயே மருத்துவர் ஆர்.இ.எஸ். முத்தையா 1948-இல் நாட்டின் முதல் கருவிழி மாற்று அறுவையைச் செய்தார். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்து, 1998 முதல் பன்னாட்டுத் தரத்தில் ஒரு கண் வங்கி இயங்கி வருகிறது. அழைப்பு வந்தால் பயிற்சி பெற்றவர்கள் வீடு தேடி வருகிறார்கள். இதற்காக உடலை எங்கும் கொண்டுபோக வேண்டியதில்லை, ஒரு ரூபாயும் செலவில்லை.

வீட்டார் செய்ய வேண்டியது மிகச் சிறிது. உயிர் பிரிந்ததும் இமைகளை மூடிவிட வேண்டும். அவற்றின் மேல் சுத்தமான நீரில் நனைத்த பஞ்சையோ துணியையோ வைக்க வேண்டும். தலைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துச் சற்று உயர்த்த வேண்டும். தலைமாட்டில் ஓடும் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஏசி இருந்தால் ஓடட்டும். விசிறியை நிறுத்தச் சொல்வதுதான் எங்கள் ஊர்களில் மிகக் கடினமாக இருக்கிறது, ஏனென்றால் வெயில் காலத்தில் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அதுதான் ஆறுதல். ஆனால் காற்று பட்டுக் கருவிழி உலர்ந்துபோனால் பயன்படாது. இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், சித்திரை வைகாசி வெயிலில் அதற்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. வருகிறவர்கள் நெருங்கிய உறவினரின் ஒப்புதலைச் சாட்சிகளோடு எழுதி வாங்குவார்கள், இறப்பை உறுதிசெய்த மருத்துவரின் சான்றைப் பார்ப்பார்கள், பரிசோதனைக்காகச் சிறிது இரத்தம் எடுப்பார்கள். மொத்த வேலையும் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். நீர்மாலைக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் அவர்கள் புறப்பட்டுவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் அத்தை இறந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மேலூருக்குப் பக்கத்திலுள்ள கிராமம்; விடிகாலையில் உயிர் பிரிந்தது. கண்களைத் தர வேண்டும் என்று அவர் தம் மூத்த மகனிடம் சொல்லியிருந்தார்; அந்த மகனுக்கோ கூடியிருந்த பெரியவர்களிடம் அதை எடுத்துச் சொல்லத் துணிவில்லை. சொன்னது மருமகள்தான். அத்தையின் தம்பி, வீட்டில் எல்லோரும் மதிப்பவர், "எங்கக்காவை முழுசாத்தான் அனுப்பி வைக்கணும்" என்று எதிர்த்தார். அடுத்த பிறவியில் பார்வையில்லாமல் பிறந்துவிடுவார் என்ற அச்சத்தையும் ஒரு பாட்டி மெதுவாகச் சொன்னார். அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று கூறி அடக்கிவிடுவது எனக்கு ஏற்புடையதன்று. இறந்தவர்மீது உள்ள பாசத்தால் பேசுகிறவரைப் பகுத்தறிவு பேசிப் புண்படுத்தினால், அவர் அடுத்த கேத வீட்டிலும் எதிர்ப்பார். மருமகள் விவாதத்துக்குப் போகவில்லை. "சித்தப்பா, அத்தை உங்ககிட்டச் சொல்லாம விட்டது தப்புத்தான். ஆனா எங்ககிட்டச் சொன்னாங்க. அவங்க வாயால சொன்னதை நாம மீறலாமா?" என்று மட்டும் கேட்டார். இறந்தவரின் கடைசி விருப்பத்தை மீறுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்பது அத்தையின் தம்பிக்குத் தெரியும். அவர் பேசாமல் எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். கண் வங்கியிலிருந்து வந்தவர்கள் வேலையை முடித்த பிறகு, உள்ளே வந்து அக்காவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். எந்த வேறுபாடும் தெரியவில்லை என்று அவரே மற்றவர்களிடம் சொன்னார்.

கண்ணைப் போலவே 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய இன்னொன்று தோல். அதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. ஆனால் விருதுநகர் மாவட்டம் பக்கத்திலிருக்கும் எங்களுக்கு அதைவிட அருகிலான செய்தி வேறில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீக்காயம் பட்டவர்கள் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதன் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. உடலில் பெரும்பகுதி வெந்துபோனவருக்குத் தம் உடம்பிலிருந்தே எடுத்து ஒட்டுவதற்குப் போதுமான தோல் மிஞ்சியிருக்காது. தோலில்லாத உடம்பிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும், கிருமி எளிதாக உள்ளே போகும். பலரும் இறப்பது அதனால்தான். தானமாக வந்த தோலை அந்த இடத்தில் போர்த்தினால், சில வாரங்களில் உடல் அதைத் தள்ளிவிடும் என்றாலும், அதற்குள் புண் காக்கப்பட்டு வலி குறைந்து, அவருடைய சொந்தத் தோல் வளரக் காலம் கிடைக்கிறது. தொடையிலும் முதுகிலும் மேலடுக்கை மட்டும் மெல்லியதாக எடுப்பார்கள். கோடி போர்த்திய உடலில் எதுவும் வெளியே தெரியாது. கிளிசரினில் பதப்படுத்திக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அது ஆண்டுக்கணக்கில் கெடாது. நான் இதைச் சொல்லும்போது, கண்ணுக்குத் தலையசைத்தவர்கள்கூட முகம் சுளிக்கிறார்கள். பட்டாசு ஆலைகள் உள்ள சாத்தூர்ப் பக்கத்தில் பெண் கொடுத்தவர்கள் மட்டும் சுளிப்பதில்லை.

உறுப்பு தானம் இதிலிருந்து வேறான சூழ்நிலையில் நிகழ்வது. நான்குவழிச் சாலையில் தலையில் அடிபட்டவர், மூளையில் இரத்தக் குழாய் வெடித்தவர் ஆகியோரில் சிலருக்கு மூளைத் தண்டு உட்பட மூளை முழுவதும் செயலிழந்துவிடுகிறது; இதுவே மூளைச்சாவு. மூச்சுவிடச் சொல்வது மூளைத் தண்டு. அது போய்விட்டால் தானாக மூச்சு வராது. ஆனால் வெண்டிலேட்டர் மூலம் பிராணவாயு கிடைத்துக்கொண்டிருக்கும் வரை இதயம் தன் சொந்த மின்தூண்டலால் சிறிது காலம் துடிக்கும். உறவினர் கையைத் தொட்டால் சூடாக இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது. இந்த நிலையில் 'இறந்துவிட்டார்' என்று ஒரு மருத்துவர் சொன்னால் நம்புவதற்கு மனம் எப்படி இடம் கொடுக்கும்? உறுப்பு தானத்துக்கு நம் மக்கள் மறுப்பதற்கு மதமோ சாதியோ பெருங்காரணம் என்று நான் நினைக்கவில்லை. கோமாவுக்கும் மூளைச்சாவுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் அவர்களுக்குப் பொறுமையாக, முன்கூட்டியே சொல்லியதில்லை என்பதே காரணம். கோமாவில் இருப்பவரின் மூளைக்கு உயிர் இருக்கிறது, அவர் மீளக்கூடும். மூளைச்சாவு அடைந்தவர் மீள்வதில்லை.

அதை உறுதி செய்வதும் ஒருவர் தனியாக எடுக்கும் முடிவன்று. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மருத்துவமனைப் பொறுப்பாளர், அரசு ஏற்ற பட்டியலிலுள்ள வேறொரு சிறப்பு மருத்துவர், நரம்பியல் மருத்துவர், சிகிச்சையளித்த மருத்துவர் என நால்வர் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும்; உறுப்பைப் பொருத்தப்போகும் குழுவைச் சேர்ந்த எவரும் அதில் இருக்கக் கூடாது. கண்ணில் ஒளி பாய்ச்சிப் பார்ப்பார்கள், கருவிழியைத் தொட்டுப் பார்ப்பார்கள், காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டுப் பார்ப்பார்கள். இறுதியாக, பிராணவாயுவைக் குறைக்காமல் வெண்டிலேட்டரைச் சிறிது நேரம் விலக்கி, உடலில் கரியமில வாயு ஏறியும் மூச்சு எழவில்லையா என்று சோதிப்பார்கள். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இந்தச் சோதனைகள் இரண்டாம் முறையும் செய்யப்பட வேண்டும். குடும்பத்தார் கேட்டால் சோதனை முடிவை அருகிலிருந்து விளக்கச் சொல்லலாம். அப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஏதுமில்லை.

'உறுப்புக்காகப் பிழைக்க வைக்காமல் விட்டுவிடுவார்களோ' என்ற ஐயம் எங்கே போனாலும் எழுகிறது. சிறுநீரகத்தை விலைக்கு விற்ற ஏழைகளின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டில் அந்த ஐயம் எழுவது இயல்பே. மேற்படிச் சட்டம் வந்ததே அந்த வணிகத்தைத் தடுக்கத்தான். 2011-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, உறுப்பை விலைக்கு வாங்கினாலும் விற்றாலும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. இறந்தவரின் உறுப்பு யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் தன் காத்திருப்போர் பட்டியலின்படி முடிவு செய்கிறது. பெறுபவரைத் தேர்ந்தெடுக்கக் குடும்பத்துக்கும் உரிமையில்லை. தானத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகு அதற்காகும் செலவை அந்தக் குடும்பத்தின் தலையில் சுமத்தவும் கூடாது. விபத்து வழக்கு என்றால் காவல் துறையின் அனுமதியும் பிரேதப் பரிசோதனையும் தேவை. சூரியன் மறைந்தபின் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை என்ற பழைய கட்டுப்பாடு, உறுப்பு தானத்தைக் கருதி 2021 நவம்பரில் மத்திய அரசால் தளர்த்தப்பட்டது. ஒரு பகல் முழுவதும் பிணவறை வாசலில் காத்திருக்க நேரும் என்று அஞ்சி மறுத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நேரம்தான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எடுத்த இதயம் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் இன்னொரு மார்பில் துடிக்க வேண்டும். கல்லீரல் 12 மணி நேரம் வரை தாங்கும். சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். மதுரையிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே 450 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், அங்கே போக வேண்டிய இதயத்தை விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். உறவினர்கள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கூடிப் பேசி முடிவெடுக்க எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரத்திலும் இறந்தவரின் இரத்த அழுத்தம் இறங்குகிறது, உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதடைகின்றன.

அப்படி ஒரு தாழ்வாரத்தில் நானும் நின்றிருக்கிறேன். உறவுக்காரப் பையன், ஹெல்மெட் இல்லாமல் இருசக்கர வாகனத்தில் போனவன். மருத்துவர்கள் கேட்டபோது அவன் அப்பா பேச்சிழந்து உட்கார்ந்திருந்தார். தாய்மாமன், பெரியப்பா, ஊர்க்காரர்கள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அந்தப் பையன் கல்லூரி முகாமில் கையெழுத்திட்டிருந்ததை அவன் தங்கைதான் சொன்னாள். வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. முடிவைச் சொன்னது தாய். ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைத்துவிட்டு, "எங்க வைக்கிறாங்கன்னு சொல்ல மாட்டாங்களாம்ல" என்று மட்டும் என்னிடம் கேட்டார். பெறுபவரின் பெயரைச் சொல்வதில்லை என்பது விதி; தேவையான விதி. ஆனாலும் அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்ததும், அவனுடைய இதயம் சென்னைப் போக்குவரத்துக்கு நடுவே 11 நிமிடத்தில் கொண்டுசெல்லப்பட்டதும் தமிழ்நாட்டில் பெரிய திருப்பமாக அமைந்தன; அந்த ஆண்டிலேயே அரசு, இறந்தோர் உறுப்பு தானத்துக்கான திட்டத்தை முறைப்படுத்தியது. உறுப்பு தந்தவரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார், அந்த மரியாதை முதலில் கிடைத்தவர்களில் ஒருவர் எங்களுக்குப் பக்கத்திலுள்ள சின்னமனூரைச் சேர்ந்த அரசு ஊழியர். 2023-இல் 178 ஆக இருந்த தானம் தந்தோர் எண்ணிக்கை 2024-இல் 268 ஆக உயர்ந்தது. ஊர் மக்கள் நடுவே ஓர் அதிகாரி வந்து மலர்வளையம் வைத்து வணங்கும்போது, 'பணம் வாங்கிக்கொண்டார்கள்' என்ற ஊர்ப் பேச்சு அங்கேயே அடங்கிவிடுகிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுகிறது.

இறந்தவர்களிடமிருந்து கிடைக்காத சிறுநீரகத்தை உயிரோடிருப்பவர்களிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் அப்படித் தருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: மகனுக்குத் தரும் தாய், கணவனுக்குத் தரும் மனைவி. பெறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதை எழுதும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உறுதிமொழி தர விரும்புவோர் தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் இணையதளத்தில் ஆதார் எண் கொண்டு பதிவு செய்யலாம். பதிவு செய்த அன்று மாலையே அதை வீட்டில் சொல்லிவிட வேண்டும். கணவன் மனைவியோடு நிறுத்தாமல், உடலுக்கு உரிமை கொண்டாடி முன்னே நிற்கப்போகும் உடன்பிறந்தார், தாய்மாமன், மூத்த பங்காளி ஆகியோரிடமும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கண் வங்கியின் எண்ணை வீட்டில் இரண்டு பேருடைய கைபேசியிலாவது பதிந்து வைக்க வேண்டும். உடல் முழுவதையும் மருத்துவக் கல்லூரிக்குத் தர எண்ணுவோர், கண்ணைத் தந்த பிறகும் உடலைத் தரலாம், ஆனால் உள்ளுறுப்புகளை எடுத்த உடலைப் பாடத்துக்குப் பொதுவாக ஏற்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இதைப் பேசியபோது, கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் உடனே ஒப்புக்கொண்ட என் தம்பி, இதயத்துக்கும் தோலுக்கும் சம்மதிக்கவில்லை. அவனை நான் வற்புறுத்தவில்லை. எவற்றைத் தர விருப்பம் என்பதைத் தனித்தனியே குறிப்பதற்குப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. அவனுக்கு எவை சம்மதமோ அவற்றை மட்டும் குறித்துக் கையெழுத்திட்டான், சாட்சியாக நானும் என் மதினியும் கையெழுத்திட்டோம்.